தாழ்த்தப்படும் காலங்களில் தேவனுடைய நோக்கத்தைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், துக்க வீடுகளிலும், மருத்துவமனை வராந்தாக்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். நான் குருவானவர் அல்ல, சபையில் வேதபாடம் நடத்தும் ஒரு விசுவாசி. ஆகவே இந்தப் பதில்களை வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, தேவனுக்கு ஒரு நோக்கம் இருக்குன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே, அண்ணா?"

இரண்டும் வேறு. ஒரு துன்பம் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தத் துன்பத்தில் அகப்பட்டவரைத் தேவன் எங்கே நடத்திச் செல்கிறார் என்பது இன்னொரு கேள்வி. யோசேப்பை அவனுடைய சகோதரர்கள் விற்றபோது அவனுக்கு வயது 17. தகப்பன் காட்டிய பாரபட்சமும், சகோதரர்களின் பொறாமையும், தன் சொப்பனங்களை அவர்களிடமே போய்ச் சொன்ன அந்தப் பிள்ளையின் விவரமின்மையும் அதற்குக் காரணங்கள் என்பதை ஆதியாகமம் மறைக்கவில்லை. பார்வோனுக்கு முன் நின்றபோது அவனுக்கு வயது 30. தன் வாழ்க்கையில் தேவனுடைய நோக்கம் இன்னது என்று அவன் வாய் திறந்து சொன்னது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, சகோதரர்களை மறுபடியும் சந்தித்த பிறகுதான். குழிக்குள் கிடந்தபோது அவன் அப்படி எதுவும் சொன்னதாக எழுதப்படவில்லை. கெஞ்சினான் என்றுதான் சகோதரர்கள் பிற்பாடு நினைவுகூர்கிறார்கள்.

தகப்பனை அடக்கம்பண்ணிய பிறகு அவன் சகோதரர்களிடம் பேசியதில் (ஆதியாகமம் 50:20) இரண்டு செய்திகள் சேர்ந்தே நிற்கின்றன: நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். நன்மை விளைந்துவிட்டது என்பதற்காக அவர்கள் செய்தது தீமையல்ல என்று அவன் பூசி மெழுகவில்லை. இந்தப் பக்கத்தில் நோக்கம் என்று நான் சொல்லும்போதெல்லாம், நடந்ததற்கான காரணத்தைக் குறிப்பிடவில்லை. இப்போது நான் நிற்கிற இந்த இடத்திலிருந்து தேவன் என்னை எப்படிப்பட்டவனாக ஆக்குகிறார், யாருக்கு உதவியாக வைக்கிறார் என்பதையே குறிப்பிடுகிறேன்.

"பச்சைத் தேயிலை விலை விழுந்தது, வேலை பார்த்த ஃபேக்டரி மூடினது எல்லாம் கர்த்தர் எங்களைத் தாழ்த்தத்தானா?"

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தென்னிந்தியத் தேயிலைக்கு இருந்த பெரிய ஏற்றுமதிச் சந்தை குலைந்தது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து, நீலகிரியின் சிறு விவசாயிகள் கடனில் விழுந்தார்கள். உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்ட அரசுத்துறை நிறுவனம். அது நலிந்து மூடப்பட்டதற்குப் படச்சுருளின் காலமே முடிந்துபோனதும் ஒரு பெரிய காரணம். இவை சந்தையும் தொழில்நுட்பமும் மாறியதால் நடந்தவை. பெருமைக்காரரின் தோட்டத்துக் கொழுந்துக்கும், தினமும் முழங்காலில் நிற்பவரின் தோட்டத்துக் கொழுந்துக்கும் ஒரே விலைதான் விழுந்தது.

உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில், கர்த்தர் இஸ்ரவேலரைச் சிறுமைப்படுத்தி 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் நடத்தினார் என்று மோசே சொல்வது உண்மை. ஆனால் அது மோசே சொன்ன வார்த்தை. அதை எடுத்து ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்துக்குப் பொருத்தும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த நெருக்கத்துக்குள் இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கேள்வி மட்டும் உண்டு: இதுவரை நான் எதை நம்பி இருந்தேன்? அந்தக் கேள்வியை அவரவர் கேட்டுக்கொள்வதே முறை. அடுத்தவரிடம் போய்க் கேட்கக் கூடாது.

"நான் செஞ்ச பாவத்துக்குத்தான் இந்த அடியா? அதை மட்டும் சொல்லிடுங்க."

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும், "அந்த வீட்டுல என்ன பாவமோ" என்ற முணுமுணுப்பு காதில் விழுந்தது. அதே முணுமுணுப்பு இயேசுவின் காலத்திலும் இருந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறித்து, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). இறந்தவர்களைப் பற்றிய விசாரணையை நிறுத்திவிட்டு, கேட்டவர்களைத் தங்கள் மனந்திரும்புதலைப் பார்க்கச் சொன்னார். பிறவிக் குருடனைக் குறித்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் (யோவான் 9).

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடித்தே கடனாளியான வீட்டிலும், கணக்கில் பொய் எழுதி வேலை இழந்தவரிடத்திலும் காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளத் தரிசனம் தேவையில்லை. எபிரெயர் 12-ஆம் அதிகாரம் சொல்லும் தகப்பனுடைய சிட்சை என்பதைப் பற்றி என் அபிப்பிராயம் இது: நல்ல தகப்பன் எதற்காகக் கண்டிக்கிறேன் என்று பிள்ளைக்குத் தெரியும்படி கண்டிப்பார். தேவன் உணர்த்தினால் அது ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டிக்காட்டும், திருத்திக்கொள்ளும் வழியையும் காட்டும். எதற்கென்றே தெரியாமல் மாதக்கணக்கில் நெஞ்சை அரிக்கும் குற்றவுணர்வை அவர்மேல் ஏற்ற வேண்டாம். நேர்மையாகத் தேடிப் பார்த்தும் எதுவும் அகப்படாவிட்டால், தேடுவதை நிறுத்திவிடலாம்.

"ஆளுக்கொரு விளக்கம் சொல்றாங்க. துக்க வீட்டிலேயே தீர்க்கதரிசனம் சொல்றாங்க. யாரை நம்புறது?"

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க அவனுடைய நண்பர்கள் வந்தவுடன் செய்தது சரியானது: ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. அவர்களுடைய பேச்சில் பக்திக்குக் குறைவே இல்லை. ஆனாலும் முடிவில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான் (யோபு 42:7). குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், "கர்த்தர் தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. அந்தத் தாய் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்ததையும் நான் கண்டதில்லை.

என் ஆலோசனை: அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துபோன பிறகும் வீட்டுக்கு வருகிறவர்களின் பேச்சைக் கேளுங்கள். முதல் நாளே விளக்கம் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"காலண்டர்ல எரேமியா 29:11 தொங்குது. தீமைக்கல்ல, சமாதானத்துக்குத்தான் நினைவுகள்னு போட்டிருக்கு. எங்க வீட்டில அந்தச் சமாதானத்தைக் காணோமே, ஐயா?"

அந்த வசனத்தைத் தனியாகக் காலண்டரில் அச்சிடாமல், அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் இந்தக் கேள்வி பாதி தீர்ந்திருக்கும். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். 70 ஆண்டுகள் நிறைவேறிய பிறகே திரும்பி வருவீர்கள் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அப்படியென்றால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக எல்லாரும் பாபிலோனிலேயே சாக வேண்டியவர்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தான். கேட்பதற்கு இனிமையாக இருந்தது, ஆனால் பொய். எரேமியாவின் கடிதம் அவர்களைச் செய்யச் சொன்ன வேலைகளோ மிகவும் சாதாரணமானவை: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைக் கொண்டுபோய்விட்ட பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். சமாதானத்துக்கான நினைவுகள் என்ற வாக்குத்தத்தம் இந்த வேலைகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கிறது.

நீலகிரியில் இதை விளங்கிக்கொள்ள வெளியே போக வேண்டியதில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. சம்பந்தப்பட்ட மக்களைக் கலந்து பேசாமலே எடுக்கப்பட்ட முடிவு அது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, தாங்கள் கண்டறியாத தாயகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளின் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறிய அவர்களை உள்ளூரில் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். அந்தப் பேச்சில் ஒரு விலக்கி வைத்தலும் இருந்தது.

அவர்களைப் பிடுங்கி எறிந்தது தேவன் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் செய்தவை இரண்டு அரசுகள், தேதியோடும் கையெழுத்தோடும். ஆனால் அந்த முதல் தலைமுறை இங்கே வந்து செய்தது எரேமியாவின் கடிதத்தில் உள்ளதேதான். லயனைச் சுற்றிக் கிடைத்த துண்டு நிலத்தில் பீன்ஸும் கீரையும் போட்டார்கள், தகரக் கூரையின் கீழ் ஜெபம் தொடங்கினார்கள், அரை வயிற்றோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஆசிரியர்களும் செவிலியர்களும் இன்று இதே மலையில் இருக்கிறார்கள். அந்தப் பாட்டிகளில் ஒருவரிடம் தேவனுடைய நோக்கம் என்னவென்று கேட்டால், "நாளைக்கு அடுப்பெரியணும், அதுதான் தெரியும்" என்பார். அதை அவிசுவாசமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

"மேஸ்திரியா இருந்தவன் நான். இப்ப இன்னொருத்தர் தோட்டத்துல கொழுந்து எடுக்கப் போறேன். சபைக்கு வரவே வெட்கமா இருக்கு."

வெட்கப்படுவது பாவம் அல்ல. நிலை இறங்கியவருக்கு அது இயல்பாக வரும். இருந்தாலும், இறங்கிய இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சீரிய ராஜாவின் படைத்தலைவனும் குஷ்டரோகியுமாகிய நாகமானுடைய கதையில் (2 இராஜாக்கள் 5) அவனைக் குணமாகும் வழிக்குக் கொண்டுவந்தவர்கள் யார்? சிறைபிடிக்கப்பட்டு வந்த ஒரு சிறு பெண்; பிறகு அவனுடைய சொந்த வேலைக்காரர்கள். தீர்க்கதரிசி தன் முன்னால் வந்து நிற்பான் என்று அவன் எதிர்பார்த்தான். எலிசாவோ வெளியே வராமல் ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னான். அவன் கோபித்துத் திரும்பியபோது தடுத்து நிறுத்திய ஞானம் வேலைக்காரர்களிடம் இருந்தது.

மோசேயும் பார்வோனின் அரண்மனையை விட்டு ஓடி, மீதியானில் 40 ஆண்டுகள் ஆடு மேய்த்தார். அதுவும் மாமனாருடைய ஆடு. பிற்பாடு ஜனங்களை நடத்திச் சென்றது அதே வனாந்தர நாட்டின் வழியாகத்தான். நீங்களும் மேஸ்திரியாக இருந்தபோது அறியாத சிலவற்றை இப்போது அறிகிறீர்கள்: மழையில் நனைந்த சாக்கின் பாரம், காலில் ஏறும் அட்டை, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வாரக் கடைசியில் குறையும் தொகை. நாளை மறுபடியும் நீங்கள் ஆள்களை வைத்து வேலை வாங்கும் நிலை வந்தால், அவர்களிடம் எப்படிப் பேசுவீர்கள் என்பது இப்போதே தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. தேவனுடைய நோக்கத்தை ஓரளவு நிச்சயமாகக் காட்டக்கூடிய இடங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

சபையைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும், கந்தையானவருக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. உங்களை அப்படி நடத்தினால் குற்றம் சபையினுடையது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்.

"தாழ்மையா இருன்னு சொல்லியே, வீட்டுக்காரர் அடிக்கிறதையும் பொறுத்துக்கச் சொல்றாங்க. இதுவும் தேவனோட நோக்கமா, அண்ணா?"

இல்லை, அம்மா. தன்னை அடித்த சேவகனிடம், நான் தகாதவிதமாய்ப் பேசியிருந்தால் அதைச் சொல், தகுதியாய்ப் பேசினேனென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் பவுலை இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று அவர் மறுத்தார் (அப்போஸ்தலர் 16:37). தாழ்மையில் இவர்களுக்கு மேலானவர் யாரும் இல்லை. இவர்களே தங்கள்மேல் விழுந்த அடியைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். நோக்கம் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அடிக்கிறவரிடம் தாழ்மையைப் பற்றிப் பேசாமல் அடிபடுகிறவரிடம் மட்டும் பேசும் மூப்பர்கள் இந்தப் பதிலை இரண்டுமுறை படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

"உபவாசம் இருந்து ஜெபிச்சும் நோய் போகலை. விசுவாசம் பத்தலையா?"

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில் (2 கொரிந்தியர் 12). அவருடைய விசுவாசத்தில் குறை சொல்ல யாரும் துணியமாட்டார்கள். தன்னை உயர்த்திக்கொள்ளாதபடிக்கு அது கொடுக்கப்பட்டது என்று பவுல் தன்னைக் குறித்துத் தானே சொன்னார் என்பதையும் கவனியுங்கள். வேறொருவர் வந்து அவருக்கு அந்த விளக்கத்தைக் கொடுக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து காயப்பட்டார். 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து, எழுதுவதைத் தொடர்ந்தார். அவருக்காக ஜெபித்தவர்களுக்கும் குறைவில்லை.

மருந்தை நிறுத்தாதீர்கள். நோயோடு தூக்கமின்மையும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமும் சேர்ந்துவிட்டால், அதை ஆவிக்குரிய சோதனை என்று மட்டும் எண்ணி மறைத்துவைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

"வழி அடைபடுதுன்னா தேவன் அடைக்கிறாரா, இல்ல நான் விடாம முட்டிப் பார்க்கணுமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் முட்டிப் பார்க்கிறார். ஆசியாவில் வசனத்தைச் சொல்லத் தடை வந்தது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கும் தடை. கடைசியில் துரோவாவின் கடற்கரையில் வந்து நின்றார். மக்கெதோனியனைத் தரிசனத்தில் கண்டது அதன் பிறகுதான். தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவரே. ஆனால் அது தேவனுடைய அழைப்பு என்று நிச்சயித்ததைச் சொல்லும் வசனத்தில் நாங்கள் என்று பன்மை வருகிறது. கூட இருந்தவர்களும் யோசித்துத் தீர்மானித்தார்கள். ஒருவர் தனியாக முடிவெடுத்துவிட்டு, கர்த்தர் சொன்னார் என்று அறிவிப்பதற்கு இதில் இடமில்லை.

நம் பக்கத்து உதாரணம் இடா ஸ்கடர். 1870-இல் ராணிப்பேட்டையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும், தான் மிஷனரியாக ஆகப்போவதில்லை என்ற தீர்மானத்தோடு அமெரிக்காவில் படித்தவர். 1890-இல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். திரும்பிப் போய்விடும் எண்ணத்தோடுதான் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி அவரை அழைத்தார்கள். இடாவுக்கு மருத்துவம் தெரியாது. ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுமதிக்க அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். இடா திரும்பிப் போய் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரு கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார்; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. முதிர்ந்த வயதில் கொடைக்கானலில் வாழ்ந்து 1960 மே மாதத்தில் அங்கேயே காலமானார். அவருக்குக் கிடைத்த அடையாளம் மேகத்தில் தெரிந்ததல்ல. கண்முன் இருந்த ஒரு தேவை, அதற்குத் தன்னிடம் திறமை இல்லை என்ற அறிவு, அதைக் கற்றுக்கொள்ளப் போன முயற்சி. வழி அடைபட்டு நிற்பவர் முதலில் தன்னைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"அப்படின்னா இடா ஸ்கடர் டாக்டராகணும்னு மூணு பெண்கள் சாகணுமா? இது என்ன நியாயம்?"

முந்தைய பதிலைக் கேட்டுவிட்டு ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் இதுவே கடினமானது. சாக வேண்டியதில்லை என்பதே என் பதில். அந்தப் பெண்கள் இறந்ததற்குக் காரணம் அன்றைய வழக்கமும், பெண் மருத்துவர் இல்லாத குறையும். அவர்கள் யாருடைய அழைப்புக்கும் கருவிகளாகப் பிறந்தவர்கள் அல்ல. அவரவர் வீட்டில் மகளாக, மனைவியாக இருந்தவர்கள். கர்த்தர் மனப்பூர்வமாக மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று புலம்பல் 3:33 சொல்கிறது. எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுதப்பட்ட வார்த்தை அது.

தேவன் ஒருவரைக் கட்டியெழுப்ப இன்னொருவரை விலையாகக் கொடுக்கிறார் என்று போதித்தால், 2009-இல் மண்ணில் புதைந்த குடும்பத்தை, உயிர்தப்பிய அண்டைவீட்டுக்காரரின் சாட்சிக்கான பொருளாக ஆக்கிவிடுகிறோம். அதை நான் செய்யமாட்டேன். நடந்த கொடுமையைக் கண்டு ஒருவர் மனம் மாறி எழுந்தால், அவர் எழுந்ததில் தேவனுடைய கை இருக்கிறது என்று சொல்லலாம். அந்தக் கொடுமையிலும் அவருடைய கையைத் தேடுவதற்கு முதல் கேள்வியின் பதில் இடம் கொடுக்கவில்லை. சர்வவல்லவர் ஏன் அதைத் தடுக்கவில்லை என்று அந்த மாணவி மேலும் கேட்டாள். யோபுவும் அதைத்தான் கேட்டான். யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், பரலோகத்தில் தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த உரையாடல் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை. அப்படிக் கேட்டதற்காக அவன் தள்ளப்படவும் இல்லை.

"ஏமாத்தினவனை மன்னிச்சாத்தான் நோக்கம் நிறைவேறுமாம். கேஸை வாபஸ் வாங்கிடவா?"

மன்னிப்பும் வழக்கும் வேறு வேறு. யோசேப்பு தன் சகோதரரை மன்னித்தான். அதற்கு முன் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று மூன்று அதிகாரங்கள் நீளச் சோதித்தும் பார்த்தான். பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, பத்திரத்தையும் பணத்தையும் சட்டப்படி கேட்கலாம். மற்றதை உங்கள் வக்கீலிடம் பேசுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் விதின்னு சொல்றார். அவர்கிட்ட என்ன பதில் சொல்றது?"

விவாதிக்க வேண்டாம். ஊழுக்கென்று ஓர் அதிகாரம் எழுதிய திருவள்ளுவரே, தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகிடச் செய்வார் என்று 620-ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக் கஷ்டத்தில் நீங்கள் போய் நின்றால், பேச வேண்டியதைப் பிறகு அவரே கேட்பார்.

"வருஷக்கணக்கா காத்திருக்கேன், ஐயா. இன்னும் ஒரு நோக்கமும் தெரியலை. சாட்சி சொல்லக் கூப்பிட்டா என்ன சொல்றது?"

சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நம் சபைகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், இரட்டிப்பாகக் கிடைத்தது என்று முடியும் கதையை மட்டுமே சாட்சி என்கிறோம். முடிவு இன்னும் வராதவர்கள் மேடைக்கு வெளியே நிற்கிறார்கள். எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தின் விசுவாச வீரர்களில் பலர் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தார்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது.

நகோமி கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் அடக்கம்பண்ணிவிட்டு, நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று ஊரார் முன் கசப்போடு சொன்னாள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. முடிவில் ரூத்தின் பிள்ளையாகிய ஓபேதை மடியில் வைத்து வளர்த்தாள். அந்த ஓபேதின் பேரன்தான் தாவீது. ஆனால் தாவீது ராஜாவானதை நகோமி பார்த்ததாக வேதாகமம் சொல்லவில்லை. அவள் அறிந்தது மடியில் இருந்த பிள்ளையை மட்டுமே. உங்களைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால், இன்னும் காத்திருக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு அமரலாம். அதைக் கேட்டு உங்களைப் போலவே காத்திருக்கும் யாராவது ஒருவர் ஆராதனை முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுவார்.

"கடன் எல்லாம் தீர்ந்து பழையபடி நல்லா இருக்கேன். ஆனா அந்த நாட்கள்ல இருந்த ஜெபமும் இல்லை, பணிவும் இல்லை. என்ன செய்யணும்?"

இதைத் தாமாக வந்து கேட்பவர்கள் மிகக் குறைவு. எசேக்கியா ராஜா சாவிலிருந்து தப்பிய பிறகுதான் மனமேட்டிமையானான் (2 நாளாகமம் 32:25). இரண்டாவது கேள்வியில் குறிப்பிட்ட உபாகமம் 8-ஆம் அதிகாரமும், வனாந்தரத்தைவிட அதிகமாக எச்சரிப்பது நல்ல வீடு கட்டிச் சாப்பிட்டுத் திருப்தியடையும் நாட்களைப் பற்றித்தான். பழைய கண்ணீரை மறுபடியும் வரவழைக்க முயல வேண்டாம், அது நடிப்பாகிவிடும்.

உபாகமம் இதற்கு உணர்ச்சியைப் பரிகாரமாகச் சொல்லாமல் சட்டங்களைத் தருகிறது. 24-ஆம் அதிகாரத்தில், வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் இருக்கட்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே பையில் இரண்டுவித நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நீங்கள் இப்போது கொழுந்து வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். கடனில் இருந்த நாட்களில், ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் உங்கள் எடையில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் தராசில் இப்போது எவ்வளவு கழிக்கிறார்கள் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள்.